பார்த்ததை மட்டும்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சி, பாதி குடித்து, மீதியைக் கொட்டினேன். வாசல் விளக்கை அணைத்தேன். கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு என் மனைவியின் பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம். அவள் போய் இருபத்தாறு நாள். ஐந்து வருடம் அங்கே சாரணியர் படையை நடத்தியவள்.

படையின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சுவரில் கயிற்றுச் சுருள்கள், மூலையில் மடித்த கூடாரத் துணி. மேசைமேல் புதுப் பலகை ஒன்று. அவள் பெயர். அதன் கீழே: "கடைசி மூச்சில் அவர் சொன்னது: பிள்ளைகளே, தயாராக இருங்கள்."

"இதை யார் சொன்னது?" என்றேன்.

தலைமையாசிரியர் சிரித்தார். "படையோட முழக்கம்தானே சார். வேற என்ன சொல்லியிருக்கப் போறாங்க?"

ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகாமுக்கு அனுமதி கேட்டு அவள் மூன்று வருடம் நடையாய் நடந்தாள். "பொம்பளப் பிள்ளைங்க காட்டுல படுத்து என்னத்தைக் கிழிக்கப் போகுது?" என்றவர் இவர். விழா என்றால் மட்டும் படை வேண்டும், நாற்காலி தூக்க. நான்காம் வருடம் அவளே மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினாள். முகாமில் மழையில் கூடாரம் சாய்ந்தது. பிள்ளைகளே நிமிர்த்தினார்கள். அவர்கள் நிமிர்த்துவதை எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவரும் இவர்தான்.

அணித்தலைவி வந்தாள். பதினாலு வயது. கையில் முகாம் குறிப்பேடு. பலகையில் இருப்பதை மேடையில் அவள்தான் படிக்க வேண்டும். அப்படியே குறிப்பேட்டிலும் ஏற்ற வேண்டும்.

"சார், மிஸ் நிஜமாவே இதைச் சொன்னாங்களா?"

"அதான் எழுதியிருக்கே, படிம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"பார்த்ததை, கேட்டதை மட்டும்தான் எழுதணும் சார். ஒரு தடவை 'மழை கொட்டித் தீர்த்தது'ன்னு எழுதினேன். மிஸ் அந்த வரியையே அடிச்சிட்டாங்க. எத்தனை நிமிஷம் பெஞ்சுது, எந்தப் பக்கம் ஒழுகுச்சு, அதை எழுதுடீன்னாங்க." என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் கூட இருந்தீங்க. நீங்க ஆமான்னா படிக்கிறேன்."

அவர் என் தோளைத் தொட்டார். "சும்மா தலையை ஆட்டுங்க சார். பிள்ளைங்களுக்கு ஒரு முன்மாதிரி வேணாமா? உங்களுக்கும் பெருமைதானே."

கையைத் தட்டிவிட்டேன். "உயிரோட இருந்தப்போ அவ சொன்னது எதுவும் உங்க காதுல ஏறலை. இப்ப நீங்க அவ வாயில வார்த்தையைத் திணிக்கிறீங்க. அஞ்சு வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்கு அவ சொல்லிக்கொடுத்ததை ஒரே காலையில அழிக்கப் பார்க்கிறீங்க."

"வெளியில பெத்தவங்கல்லாம் உட்கார்ந்திருக்காங்க. மெதுவா பேசுங்க."

"கேக்கட்டும்."

பலகையைக் கவிழ்த்துப் போட்டேன்.

"இல்லம்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம். "அவ அப்படிச் சொல்லலை."

அவள் அழவில்லை. குறிப்பேட்டைப் பிரித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அப்போ என்ன சார் சொன்னாங்க?"

சொன்னேன். அன்றைக்குக் காலை ஏழு பத்து. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து அரக்கப்பரக்க ஓடியிருந்தேன். கட்டிலில் அவள் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்திருக்கே. கழட்டி ஒழுங்காப் போடு."