ஆரியா என்று ஒரு பெண் இல்லை

நாலாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். பொன்னுரங்கம் மாரியப்பனுக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், பீஸ் கட்டாவிட்டால் அவன் மகள் வினிதாவைப் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மாரியப்பன் தன் மகன் வெற்றிக்குக் கிடார் வாங்க எடுத்து வைத்திருந்த காசை அப்படியே கொண்டு வந்து நீட்டினான்.

"கிடாரு எங்க ஓடப் போவுது. பொண்ணு படிப்பு மொதல்ல."

மூன்றாம் மாசம் மாரியப்பன் போய்விட்டான். ஹார்பரில் இருபத்திரண்டு வருஷம் கூடவே சரக்கு இறக்கிய ஆள், ஒரு காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டான்.

இடுகாட்டில் நாலு பேர் கயிறு பிடித்து உடம்பைக் குழியில் இறக்கினார்கள். அதில் ஒரு கயிறு பொன்னுரங்கம் கையில். கயிறு கையைவிட்டு நழுவ நழுவ, அவன் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "ஆரியா... மெல்ல ஆரியா... கீழ ஆள் கீறான்."

ஆரியா என்றால் கீழே இறக்கு. கிரேன்காரனுக்குக் கப்பல் மேலிருந்து கொடுக்கிற குரல். ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வார்த்தை.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பதினேழு வயசு வெற்றி பாய்ந்து வந்து பொன்னுரங்கத்தின் சட்டையைப் பிடித்தான். "எங்கப்பன் இன்னா மூட்டையா?"

பொன்னுரங்கம் சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தான். அன்றைக்கு மாரியப்பன் வீட்டு வாசலை விட்டவன்தான், மறுபடி மிதிக்கவில்லை. சம்பளம் வரும்போதெல்லாம் காசை எடுத்துக்கொண்டு கிளம்புவான். தெருமுனை வரைக்கும் போவான், திரும்பிவிடுவான். வீட்டுச் செலவு அந்தக் காசை இழுத்துக்கொள்ளும்.

வெற்றி எப்படியோ ஒரு பழைய கிடார் வாங்கி, பாட்டுக் கட்டி, போனில் போட ஆரம்பித்தான். ஏழு பாட்டு. பொன்னுரங்கத்துக்கு ஏழும் மனப்பாடம். ஒரு பக்கம் செத்துப்போன இயர்போனை இடது காதில் செருகிக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் கேட்பான். ஏழாவது பாட்டை மட்டும் தினமும் ரெண்டு தபா. அதன் பேர் ஆரியா.

ராயபுரத்தில் ஒரு பழைய குடோனில் வெற்றி பாடப்போகிறான் என்று வினிதாதான் சொன்னாள். டிக்கெட் இருநூற்று ஐம்பது.

"ராக்கு பாட்டு நைனா. சோலோ. ஒரே ஆளு, ஒரே கிடாரு."

"மத்தவனுங்க எங்க? சம்பளம் பாக்கியா?"

"போய்ட்டு வா நைனா. கேட்டுக்கினே எத்தினி நாளு இருப்ப?"

போனால் காசோடுதான் போக வேண்டும் என்று நினைத்தான். மறுநாளிலிருந்து ஓவர்டைம் பார்த்தான். பதினெட்டு நாளில் தொகை சேர்ந்தது. டீத்தூள் வாங்கிய கவரில் மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவன் பயமெல்லாம் ஒன்றுதான். காசை நீட்டும்போது அந்தப் பையன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டால்?

வாசலில் மணிக்கட்டில் நீல முத்திரை குத்தினார்கள். உள்ளே எல்லாம் காலேஜ் பிள்ளைகள். பக்கத்து நாற்காலியில் சைமா என்று ஒரு பெண், வண்ணாரப்பேட்டை. இவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களும் ஃபேனா அங்கிள்?"

"ஆமாம்மா. ஏழு பாட்டும் தெரியும்."

"ஆரியாவும் தெரியுமா? அவரோட எக்ஸ். துபாய்ல கல்யாணம் ஆயிடுச்சாம்."

"அப்டியா," என்றான் பொன்னுரங்கம். "பாவம்."

வெற்றி வந்தான். வெறும் ஸ்டூல், ஒரு மைக்கு. குனிந்து கிடாரைச் சரிபண்ணும்போது பிடரியில் மாரியப்பன் தெரிந்தான். அதே சுழி. முதல் பாட்டிலேயே பொன்னுரங்கம் திகைத்துப்போனான். இத்தனை வருஷம் ஒரு காதில் கேட்டது பாதிதான் போல. விரல் கம்பியில் உரசுகிற சத்தம், அடுத்த வரிக்கு முன்னால் மூச்சு இழுக்கிற சத்தம், இதெல்லாம் பாட்டுக்குள் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

நாலாவது பாட்டு முடிந்து வெற்றி தண்ணி குடித்தான். "இது செகண்ட் ஹேண்ட் கிடாரு," என்றான் மைக்கில். "புதுசுக்கு எங்கப்பா காசு சேத்தாரு. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாரு." எல்லாரும் சிரித்தார்கள். சட்டைக்குள் கவர் நெருப்பு மாதிரி இருந்தது.

கடைசியாக ஆரியா. பிள்ளைகள் எழுந்து கை தட்டிக்கொண்டே கூடப் பாடினார்கள்.

ஆரியா, மெல்ல ஆரியா,
கீழ என் ஆளு நிக்கிறான்,
மூட்டை இல்ல, மூட்டை இல்ல,
என்னைத் தூக்கி வளர்த்தவன்.

கை தட்டத் தட்டப் பாட்டு வேகம் எடுத்தது. பொன்னுரங்கத்தால் உட்கார முடியவில்லை. அவ்வளவு வேகத்தில் இறக்கினால் கீழே நிற்கிறவன் கதி என்ன? ஒரு அடி முடிந்து அடுத்தது எடுக்கும் இடைவெளியில் அவன் வாய் திறந்துவிட்டது. நீட்டி, தாழ்ந்து, ஹார்பர் குரலில்.

"ஆரியா... மெல்ல ஆரியா..."

வெற்றியின் விரல் கம்பிமேல் நின்றுவிட்டது. ரெண்டு பேர் சிரித்தார்கள். வெற்றி இருட்டுக்குள் உற்றுப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, அதே குரலில், அதே நிதானத்தில் அந்த வரியைத் திரும்ப எடுத்தான். கைதட்டல் தானாக அடங்கிப்போனது. பக்கத்தில் சைமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துபாய்க்காரியை நினைத்து.

எல்லாரும் போட்டோ எடுத்துப் போகிறவரை பொன்னுரங்கம் கதவோரம் நின்றான். வெற்றியே வந்தான். பொன்னுரங்கம் கவரை நீட்டினான்.

"உங்கப்பனுக்குத் தர வேண்டியதுடா. நாலாயிரத்து எரநூத்தம்பது."

வெற்றி கவரைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு ஏன் மாமா அப்டி சொன்ன?"

"எப்பவும் அவன் கீழ நிப்பான், நான் மேல நின்னு குரல் குடுப்பேன். தலைல கிலைல பட்டுடக் கூடாதுல்ல. அன்னிக்கும் கீழ போறது அவன்தான. வாய்ல வந்துடுச்சு."

"எனக்கு மறாநாளே புரிஞ்சுது. நீ வருவேன்னு பாத்துகினு இருந்தேன். அம்மாவும் கேட்டுகினே இருந்துச்சு, போன வருசம் சாவுற வரைக்கும். காசு நான் கேக்கவே இல்லியே மாமா. நீ ஏன் வரல?"

மாரியப்பன் மனைவி குப்பம்மா செத்தது பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் தெரியும். நீட்டிய கவர் நீட்டியபடியே இருந்தது.

வெற்றி கவரை வாங்கிப் பிரித்தான். நாலாயிரத்தை எண்ணி எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். மீதியைத் திரும்ப இவன் கையில் திணித்தான்.

"இது டிக்கெட் காசு. எங்கப்பா உன்னை டிக்கெட் வாங்க வுட்டுருப்பாரா? கணக்கு தீந்துச்சு. வூட்டுக்கு வா."

பொன்னுரங்கம் தலையாட்டினான். வெளியே வந்து, ஷேர் ஆட்டோ பிடிக்கக் கல்மண்டபம் பக்கம் நடந்தான். கடன் அடைந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மாரியப்பனிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தான்.