ஒவ்வொன்றாகக் கழற்றவும்

மிதக்கும் பிரிட்ஜ் வைத்த கிட்டார்கள் எங்கள் கடைத்தெருவுக்கு வந்த வருஷம், கிட்டார் கடைக்காரரின் மனைவி தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நடக்க ஆரம்பித்தாள். அதே வருஷம் தாமிரம் இரண்டு முறை விலை ஏறியது. தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. செருப்புக் கடைக்காரர் மட்டும், அந்த வீட்டில் இனி ஒரு ஜோடி குறைந்தது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடம்பில் கம்பிகள் வந்து மாட்டிக்கொள்ளும் இரும்புத் தகடு. அதுவரை அதை அசையாமல் திருகி வைத்திருந்தார்கள். ஹெவி மெட்டல் வாசிக்கிறவர்களுக்கு அது போதவில்லை. தகட்டில் மாட்டிய கைப்பிடியை அமுக்கினால் சத்தம் பாதாளத்துக்குப் போக வேண்டும், இழுத்தால் குதிரை மாதிரி கனைக்க வேண்டும். அதற்குத் தகடு அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கும், முதுகுப் பள்ளத்திலிருந்து ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சரிசமமானால் தகடு எதன்மேலும் படாமல் நிற்கும். அந்தச் சமத்தைக் கொண்டுவருவதற்குள் மீசை வைத்தவர்களுக்கே அழுகை வந்துவிடும். கடைக்காரரின் மனைவி ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் திருகி நிறுத்திவிடுவாள். ஸ்பிரிங்கக்கா என்று பெயரே வந்துவிட்டது. ஒரு நாள் மேசையிலிருந்து எழுந்தவள் முழுசாகக் கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் வியாபாரி. வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. "இது எத்தன நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டார்.

"இழுக்கறது இழுக்குற வரைக்கும் இருக்குங்க."

"எது இழுக்குது?"

"ஆறு கம்பிதான். இந்த மேசை, இந்த ஜன்னலு, நம்ம பொண்ணு, ஞாயித்துக்கெழம வர்ற எங்கண்ணன்."

"நாலுதானே ஆச்சு."

"மிச்சம் ரெண்டு உங்களுக்கு எதுக்கு? கழட்டுறதா இருந்தா மட்டும் ஒண்ணொண்ணா கழட்டுங்க."

எதிர்ப்பக்கம் இழுப்பது எது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கல்யாணமானவர்களிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

ஒவ்வொன்றாகக் கழற்றுவது அந்த ஜாதி கிட்டாருக்கு முதல் சட்டம். பழைய கம்பியை மாற்றும்போது ஒன்றை எடுத்து, அதே இடத்தில் புதுசை முறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும். மொத்தமாகக் கழற்றினால் ஸ்பிரிங் ஜெயித்துத் தகட்டை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். கடைக்காரர் இதை பில்லின் பின்பக்கமே அச்சடித்து வைத்திருந்தார்: கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றவும், தவறினால் கடை பொறுப்பல்ல.

எட்டு வருஷம் நல்ல வியாபாரம். அவர் மனைவியைக் கடை வாசலுக்கு நேராக நடமாட விட்டார். விளம்பரச் செலவு மிச்சம். இடுப்பு வரை முடி வளர்த்த ஒருவன், முடிக்காரன் என்போம், மூன்று கிட்டார் வாங்கினான். அக்கா கையால் நிறுத்திய தகடு மாதிரி வராது என்று ஊரெல்லாம் சொன்னான்.

பிறகு பாட்டுக்காரர்களுக்குப் புத்தி கீழ்நோக்கிப் போயிற்று. கம்பியைத் தளர்த்தி, சத்தத்தைக் கிணற்றுக்குள் இறக்கி, ஆறு போதாமல் ஏழாவது கம்பியும் கேட்டார்கள். சுருதியை மாற்றும்போதெல்லாம் மிதக்கும் தகடு சாய்ந்துவிடும். முடிக்காரன் பாதித் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, மிதக்கறதெல்லாம் இப்ப எவன் தொடறான்? அசையாம நிக்கணும்."

"போன மாசம் வரைக்கும் நீதானேடா தொட்ட?"

"அது போன மாசம்ணே."

தேங்கிய சரக்கைத் தள்ளிவிட, தகட்டுக்கடியில் மரக்கட்டை சொருகி, அசையாத ரகம் என்று விற்றார் கடைக்காரர். கட்டைகளை அவள்தான் அளந்து செதுக்கினாள். கடைசியில் நாலு விரல் தடிமனில் மர அடி வைத்த செருப்பு ஒன்றை அவர் அவளுக்கே செருப்புக் கடையில் செய்யச் சொல்லி வாங்கிவந்தார். மிதக்கிற மனைவியைப் பார்த்தால் பழைய சரக்குக் கடை என்று நினைப்பார்களாம். அவள் போட்டுக்கொண்டாள். செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் என்பது எங்களுக்குத் தெரியும். செருப்புக் கடைக்காரருக்கு மட்டும் சந்தோஷம்.

அதற்கப்புறம் வந்தது சுருதி கலையாத பிரிட்ஜ். கம்பிக்கு ஒரு ஸ்பிரிங் தனித்தனியாக உள்ளே ஒளித்து வைத்தது. ஒரு தடவை நிறுத்தினால் ஆயுசுக்கும் நிற்கும், ஆள் வேண்டாம். மாசக் கடைசிக்குள் கடையை ஷோரூமாக மாற்றினால் தனி விலை என்றான் கம்பெனி ஏஜென்ட். தனி விலை என்ற இரண்டு சொல்லைக் கேட்டுத் தடுமாறாத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை; அவரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை.

திங்கட்கிழமை மேசை பழைய சாமான்காரனிடம் போனது. செவ்வாய், ஜன்னலை அடைத்து கிட்டார் மாட்டும் சுவரானது. மகளின் அறை கோடவுனுக்குத் தேவைப்பட்டதால், புதன்கிழமை அவளை வேறு ஊர் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். இனி ஞாயிறும் வியாபாரம் உண்டு, வரவேண்டாம் மச்சான் என்று மனைவியின் அண்ணனுக்குப் போன் போனது. மீதி இரண்டு கம்பி எவை என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அவற்றையும் அவர்தான் கழற்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தவள் சத்தமில்லாமல் இறங்கினாள். மரச்செருப்பு பக்கவாட்டில் நழுவிக் கிடந்தது. தரையோடும் நிற்கவில்லை, நாலு விரல் உள்ளே போய் நின்றாள். புது டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. ஓடைத் தண்ணீரில் நடப்பதுபோல, அன்றிலிருந்து எந்தத் தரையானாலும் அதற்குள் கால் புதைய நடந்தாள். முன்னால் திறந்தது, பின்னால் மூடிக்கொண்டது.

"மொத்தமா கழட்டிட்டீங்க," என்றாள்.

கடை பொறுப்பல்ல என்று நாக்கு நுனி வரை வந்ததைக் கடைக்காரர் விழுங்கிவிட்டதாக ஏஜென்ட் சொல்வான். விழுங்கவில்லை, சொன்னார் என்று எதிர்க்கடைக்காரர் சொல்வார். பெட்டியிலிருந்த சரக்கு உடையவில்லை என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

பதினோரு வருஷம் போனது. முடிக்காரன் ஒரு முடியும் இல்லாமல், தொப்பையோடு வந்தான்.

"அண்ணே, மறுபடியும் மிதக்கறதுதான் வேணும். வயசுக்காலத்து ஞாபகம் வருது. அக்கா எங்க?"

அவன் மட்டுமல்ல, அவன் வயசுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கையில் காசும் இருந்தது. பழைய கிட்டார்கள் மூன்று மடங்கு விலை போயின. கடைக்காரர் கட்டைகளை உருவி எறிந்தார். ஆனால் தகட்டை நிறுத்த ஆளில்லை. அவளே திருகிப் பார்த்தாள். எதைத் தொட்டாலும் ஒரு பக்கம் முங்கியது.

அவர் திருப்பி மாட்ட ஆரம்பித்தார். அதே அளவில் மேசை செய்தார், சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். மச்சானைக் கூப்பிட்டார், அவர் வந்து, டீ குடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மகள் வந்த அன்று மனைவி இரண்டு விரல் ஏறினாள். மகள் பையைப் பிரிக்காமலே மறுநாள் பஸ் ஏறினாள். அந்த இரண்டு விரலும் இறங்கியது.

"அந்த ரெண்டு கம்பி என்னன்னு இப்பவாவது சொல்லேன்மா."

"ஒண்ணு நீங்க. இன்னொண்ணு எனக்கே மறந்துபோச்சு."

அவர் விரல் விட்டு எண்ணினார். அப்புறம் பழக்கதோஷம். "அப்ப அஞ்சு இருக்கே. அத வச்சு ஒப்பேத்த முடியாதா?"

"அஞ்சு கம்பி மாட்டுன கிட்டார் வந்தா நீங்க என்ன வெலைக்கு எடுப்பீங்க?"

அவருக்கு விலை தெரியும்.

"என்னைத் தூக்குறத விடுங்க," என்றாள் அவள். "மேசைய எறக்குங்க."

தச்சர் வந்தார். அவள் உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்து, மேசையின் நாலு காலிலும் நாலு விரல் அறுத்தார். அவள் முடிக்காரனின் கிட்டாரை எடுத்துப் போட்டு, பின்பக்கம் திறந்து, இரண்டு திருகு திருகினாள். தகடு எதன்மேலும் படாமல் நேராக நின்றது. அவன் கைப்பிடியை அமுக்கினான். சத்தம் போகவேண்டிய இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

தச்சர் கேட்ட கூலியைக் கடைக்காரர் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் இன்றைக்கும் அதிசயமாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான்.