பத்து மணி லிமோனீன்

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவி வெளிக்காற்றை உறிஞ்சி, அதில் என்னென்ன ஆவி கலந்திருக்கிறது என்று சொல்லும். எலுமிச்சை வாசனை தரும் லிமோனீன், மூன்று மாதமாக வேலைநாட்களில் மட்டும் காலை பத்து மணிக்கு எகிறியது. பக்கத்து சோப்புத் தொழிற்சாலைக்கும் ஞாயிறு விடுமுறைதான். எங்கள் மேலாளருக்கு அந்தச் சாட்சி போதும், தொழிற்சாலைக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பினார். அவர்கள் பயந்துபோய் எலுமிச்சை சோப்பையே நிறுத்தினார்கள். லிமோனீன் இம்மியும் குறையவில்லை.

வெறுத்துப்போய் நேற்று பத்து மணிக்குக் கருவி அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் வாசனை ஸ்பிரேயோடு வந்தார், நாலு மூலையிலும் அடித்தார், நெடி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தார். கருவியின் உறிஞ்சுகுழாய் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"சார், நாம தேடுற லிமோனீன் இதுதான்" என்று டப்பாவில் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன்.

கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை யாரும் அடிக்கறதில்லையா?"

"இல்ல சார்."

"அதான் தப்பு. இனிமே ஞாயித்துக்கிழமையும் வந்து அடிங்க. ஒரு நாள் மட்டும் குறைஞ்சா பாக்கறவங்க நம்மளத்தான் சந்தேகப்படுவாங்க."