ஆறாத குழாய்

பட்டறையில் அவருக்கு 'மைக்ரோ' என்று பட்டப்பெயர். மயிரிழை பிசகினாலும் மைக்ரோமீட்டர் என்கிற அளவுக் கருவியைக் கீழே வைக்காத மனிதர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. இரும்புக் குழாயை டை என்கிற அச்சின் துளைக்குள் விட்டு இழுத்துச் சிறுக்க வைக்கிற இயந்திரம் அவர் கையில். டையின் வாயைத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குத் திறந்து கொடுப்பது மச்சினன் வேலை. மனைவியின் தம்பியாயிற்றே என்று அவரே சிபாரிசு செய்து சேர்த்தது. அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அன்று அவசர ஆர்டர். மைக்ரோ வேகத்தைக் கூட்டினார். வேகமாக இழுத்தால் குழாய் சுடும். சூட்டில் பருத்து நிற்கும், ஆறினால் சுருங்கும். அவருக்குத் தெரியாததா? ஊருக்கே பாடம் நடத்துகிறவர். ஆனாலும் முதல் குழாயைக் கையுறையோடு பிடித்து அப்படியே அளந்தார்.

"ஆறட்டுமே மாமா. டையை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும்" என்றான் மச்சினன்.

"எனக்கே சொல்லித் தர்றியா? அளவு சரியா இருக்கு. தேய்க்காத, போதும்."

மாலையில் எல்லாக் குழாய்களும் ஆறிச் சிறுத்துக் கிடந்தன. பருத்திருந்தால் இன்னொரு தரம் இழுத்துக்கொள்ளலாம். சிறுத்தது சிறுத்ததுதான், பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு. "யார் பார்த்த வேலை இது?" என்று மேனேஜர் கத்தியபோது, மைக்ரோவின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"டையைச் சரியாத் தேய்க்கல சார்."

மச்சினன் அவரை ஒருமுறை பார்த்தான். "ஆமா சார்" என்றான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி தம்பியைப் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள். "சேத்துவிட்டவர் மூஞ்சியில கரியப் பூசிட்டியேடா!" அவன் தலை நிமிரவில்லை. மைக்ரோவுக்குச் சோறு இறங்கவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவனை விடு. தப்பு என்னுது. சூடா இருக்கும்போதே நான்தான் அளந்தேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடா இந்த மனுஷன? உனக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாரு. மன்னிப்புக் கேளு!"

"மன்னிச்சிருங்க மாமா" என்றான் அவன்.

இல்லை, நான் சொன்னது நிஜம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பட்டறை முழுக்கக் கேட்கப் பொய் சொன்ன வாய், மூன்று பேர் இருந்த அந்த அறையில் திறக்கவேயில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள் மனைவி, என்றைக்குமில்லாத மரியாதையோடு.

மைக்ரோ தட்டை நீட்டினார்.