இருநூற்றுப் பதினாலு மாமா

அமெரிக்காவில் பிளானோ என்கிற ஊரில் இருந்துகொண்டு நாகமணி இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதினாள். ஈரோட்டுப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி கதை, ஆறு வருஷ உழைப்பு. நியூயார்க்கில் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பார்த்து நாளைக்குள் அனுப்பச் சொல்லி ஃபைல் வந்தது. திறந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதையில் வருகிறவள் புருஷனை 'மாமா' என்று கூப்பிடுவாள். கொங்குப் பக்கம் வழக்கமாகக் கூப்பிடுவதுதான். அமெரிக்காவில் மாமா என்றால் அம்மாவாம். திருத்திய மகராசி ஒன்றுவிடாமல் 'மதர்' என்று மாற்றி வைத்திருந்தாள். இருநூற்றுப் பதினாலு இடம். முதலிரவில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வருவதும் மதர்தான்.

எடிட்டருக்கு போன் போட்டாள். தாய்மாமனும் மாமாதான், புருஷனும் மாமாதான் என்று விளக்கப் போக, சொந்த மாமனையா கட்டிக்கொண்டாள் என்று அந்தம்மாள் பதறினாள். பேசாமல் 'ஹனி' என்று போட்டுவிடலாம், அமெரிக்க வாசகருக்கு உறுத்தாது என்றாள். மஞ்சள் காட்டில் நின்று ஹனி என்று கத்தினால் எவன் திரும்பிப் பார்ப்பான்? நாகமணி தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

"ஏனுங்க மாமா, இந்தக் கூத்தக் கேட்டீங்களா?"

ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டு வந்த புருஷன் நஞ்சுண்டன் எல்லாம் கேட்டான். சிரிக்கவில்லை.

"அவங்க சொல்றதும் கரெக்ட்தான புள்ள. நானே சொல்லோணும்னு இருந்தேன். ஆபீஸ் பார்ட்டில நீ மாமாங்கறப்ப எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. மேனேஜர் ஜோக் அடிக்கறான். நீயும் அத சேஞ்ச் பண்ணிக்கோயேன்."

எடிட்டர் மேலிருந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருபது வருஷமாக வாய் நிறையக் கூப்பிட்டதற்கு இந்த மனுஷன் கூசிக்கொண்டு நின்றிருக்கிறான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு மதராக அழித்து மாமாவைத் திரும்பப் போட்டாள். சாயங்காலம் வரை இழுத்தது. 'இதை மாற்றுவதாக இருந்தால் புத்தகமே வேண்டாம்' என்று எழுதி அனுப்பினாள். வந்தால் வரட்டும், போனால் போகட்டும். சோற்றை எடுத்து வைத்துக் குரல் கொடுத்தாள்.

"நஞ்சுண்டன், சோறு ஆறுது. வாங்க."

வந்து உட்கார்ந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன புள்ள, பேரச் சொல்லிக் கூப்பிடற? வீட்ல பழையபடியே கூப்பிடு."

"பார்ட்டிலயுங்களா?"

அவன் ரசப் பாத்திரத்துக்குக் கையை நீட்டினான். அவளும் விடுவதாக இல்லை.

"ரசம் ஊத்தட்டுங்களா, நஞ்சுண்டன்?"