காற்று ஊதும் தொப்பி

அத்தாவுல்லாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியமில்லை. பலகை வாங்க வேண்டுமென்றால் ஊரின் அந்தக் கோடி வரைக்கும் பைக்கில் போவார். தனக்கு ஒரு செருப்பு வாங்க வேண்டுமென்றால் பம்மல் முனையைத் தாண்ட மாட்டார். அதனால் அவரைக் குரோம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்ததையே அவர் மனைவி ஜஹீரா பாதி வெற்றி என்று எண்ணிக்கொண்டாள்.

விஷயம் அவருடைய மூச்சு. வீட்டின் கீழ்த்தளத்தில் அவருக்கு மரவேலைப் பட்டறை. பல்லாவரத்திலும் சேலையூரிலும் எழும்புகிற அடுக்குமாடிகளுக்கெல்லாம் அலமாரியும் சமையலறைக் கப்போர்டும் வெட்டித் தள்ளுகிற இடம் அது. தேக்கெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள்? எல்லாம் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைதான். அதை அறுத்தால் தூள் விழாது, மாவாகப் பறக்கும். அந்த மாவு பல வருஷமாக அவர் நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று, குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, சேலையூர் டாக்டர் தீபா சொன்னார்.

"தூசி உள்ளே போறது நிக்கணும் சார். இல்லேன்னா தொழில் நிக்கணும்."

"மாஸ்க் போட்டுகினுதான் வேலை செய்றேன் டாக்டர்."

டாக்டர் அவருடைய தாடியைப் பார்த்தார். நெஞ்சைத் தொடுகிற தாடி. "மாஸ்க்குன்னா முகத்தோட ஒட்டணும். இதுமேல எப்படி ஒட்டும்? ஓரமா இருக்கிற சந்து வழியா எல்லாம் உள்ளே போயிடுது."

தாடியை எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, எடுங்கள் என்று டாக்டரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் விவரம் தெரியும். பேட்டரியில் ஓடுகிற ஹெல்மெட் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு ஃபேன் வடிகட்டின காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், உள்ளேயிருந்து காற்று வெளியே தள்ளுவதால் தூசி நுழையாது, தாடி இருந்தாலும் கவலையில்லை என்று டாக்டர் விளக்கினார்.

வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கை போலச் சொன்னார் மனுஷன். "காத்து ஊதுற தொப்பியாம் ஜஹீரா. தலைல மாட்டிகினு பலகை அறுக்கணுமாம்."

ஜஹீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. விடிகாலை சுபுஹு தொழுகையில் அவர் ஓதுவதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு வருகிறாள். நீளமான வசனத்தையும் ஒரே மூச்சில் ஓதி முடிப்பார். இப்போதெல்லாம் நடுவில் அறுந்துபோகிறது. ஒருநாள் பாதியில் நிறுத்தியவர் வெகுநேரம் தொடங்கவேயில்லை. அந்த இடைவெளியில் அவளுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் அவர் இன்றைக்கு நாளைக்கு என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவரைச் சாப்பாடு போட்ட கையோடு கிளப்பிவிட்டாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மாடிக் கடை. கையுறை, கம்பூட்ஸ், மஞ்சள் ஹெல்மெட் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. கடைக்காரர் ஷ்யாம்சுந்தர் பொறுமைசாலி. பொறுமை இல்லாத ஆளாக இருந்தால் அன்றைக்கே கடையை மூடியிருப்பார்.

முதலில் எடுத்துக் காட்டியதில் ஃபேன், பேட்டரி, வடிகட்டி எல்லாமே தலைக்குள் அடங்கியிருந்தது. அத்தாவுல்லா மாட்டிப் பார்த்துவிட்டு, "தலைல அம்மிக்கல்லு வெச்ச மாதிரி கீது தம்பி. சாயங்காலத்துக்குள்ள கழுத்து உள்ளே போய்டும்" என்றார்.

அடுத்ததில் மோட்டார் இடுப்பு பெல்ட்டில் இருந்தது. அங்கிருந்து முதுகு வழியாகக் குழாய் ஏறித் தலையில் காற்றைக் கொண்டுவந்து சேர்த்தது. தலைக்குப் பாரமில்லை. "இந்தக் குழாய் ரம்பத்துல மாட்டிகினா?" என்றார். அது நியாயமான கேள்விதான் என்று ஜஹீராவே ஒப்புக்கொண்டாள். குழாய்மேல் போட ஒரு துணி உறை உண்டு, உடம்போடு ஒட்டியே இருக்கும் என்று ஷ்யாம்சுந்தர் அதையும் எடுத்துவந்து காட்டினார்.

மூன்றாவது ஒன்று அலமாரியில் பளபளவென்று இருந்தது. அத்தாவுல்லா அதன்மேல் கண் வைக்க, கடைக்காரர் தலையை ஆட்டினார். "அது வேணாம் பாய். நல்லா ஊதும். ஆனா உங்க பலகை மாவை வடிகட்டுமான்னு என்னால சொல்ல முடியாது. அதுக்கு மாத்து ஃபில்டரும் கிடைக்கிறதில்ல."

மறுபடி இரண்டாவதற்கே வந்தார்கள். தொழுகைத் தொப்பியின் மேல் உட்காருமா? உட்கார்ந்தது. மூக்குக் கண்ணாடி இடிக்குமா? இடிக்கவில்லை. தாடி முழுவதும் தாடைக்குக் கீழே உள்ள துணிக்குள் அடங்கிவிட்டது. குறை சொல்ல இன்னும் என்ன இருக்கிறது என்று தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார். "ஃபேன் சத்தத்துல மதியழகன் கூப்ட்டா காதுல வுழாதே." மதியழகன் பல வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவன்.

"இப்ப மட்டும் யார் கூப்ட்டு உங்க காதுல வுழுந்துச்சு மச்சான்?" என்றாள் ஜஹீரா. அவர் அவளுக்கு மாமி மகன். சின்ன வயசிலிருந்து மச்சான்தான்.

"நீ போட்டுப் பார்த்தா தெரியும், எவ்ளோ பேஜாருன்னு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவர் வழக்கம். ஜஹீராவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "குடுங்க இங்க" என்று வாங்கி, முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். ஷ்யாம்சுந்தர் பெல்ட்டைக் கட்டச் சொல்லி, துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

நெற்றியிலிருந்து காற்று இறங்கியது. இதிலென்ன இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள். அது வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே போயிற்று. விலா எலும்பு விரிந்தது. இன்னொரு மூச்சு. அதுவும் தங்குதடையில்லாமல் போயிற்று. தன் நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பயமாகவும் இருந்தது, கழற்றவும் மனம் வரவில்லை.

தனக்கும் மூச்சு முட்டுகிறது என்று அவள் எண்ணியதேயில்லை. மாடி ஏறினால் இரைத்தது வயசு. காலையில் இருமல் வந்தால் மார்கழிப் பனி. மற்ற மாதங்களில் வந்தால் மிளகாய் தாளித்த கமறல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஆனால் பலகை அறுப்பவர் அவர். தனக்கு ஏன்?

ஷ்யாம்சுந்தர் அவரிடம் ஏதோ கேட்டார். வேலை முடிந்ததும் எப்போது கழற்றுவீர்கள் என்று அரைகுறையாகக் காதில் விழுந்தது. அத்தாவுல்லா சொன்ன பதில் ஃபேன் இரைச்சலில் கேட்கவில்லை. ஆனால் அவர் கையால் நடித்துக் காட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கை. பிறகு கம்ப்ரெஸர் குழாயைப் பிடித்து, சட்டை, லுங்கி, தாடி என்று உடம்பெல்லாம் காற்றடிக்கிற மாதிரி. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, மேலே கை நீட்டி, தன் வீட்டுக்காரி அங்கே நின்று பார்ப்பாள் என்று பெருமையாகச் சிரித்தார்.

ஜஹீரா ஹெல்மெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் போட்ட சட்டம். கல்யாணமான புதிதில் தலையணையெல்லாம் தூசி என்று சண்டை போட்டு, இனி தூசியோடு ஒருத்தரும் மாடி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் படிக்கட்டின் அடியில் நின்று காற்றடித்துக்கொள்கிறார். அவள் மேல்படியில் நின்று, முதுகில் இன்னும் இருக்கிறது, காதுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்வாள். அவர் குழந்தை மாதிரி திரும்பித் திரும்பிக் காட்டுவார். அந்த நேரம் அவர்கள் இரண்டு பேருக்கும் பிடித்த நேரம். ஆனால் அடித்த தூசி எங்கே போயிற்று? அந்தப் படிக்கட்டுக்குக் கதவு கிடையாது. மேலே இருந்தது அவளும் அவளுடைய சமையலறை ஜன்னலும்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "இதுதான். பில் போடுங்க தம்பி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த அத்தாவுல்லா, கோபம் என்று நினைத்துக்கொண்டு பணத்தை எடுத்து நீட்டினார்.

ஆட்டோவில் வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்பது தெரிந்ததால் நா எழவில்லை. அத்தாவுல்லாவுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. உன் மூச்சைக் கெடுத்த பட்டறை எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே மெஷினை விற்றுவிடுவார். விற்றுவிட்டு என்ன செய்வார்? அந்த மனுஷனை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்துப் பார்க்க அவளால் முடியாது. அதைவிட, பாசத்தோடு தினம் செய்த ஒரு காரியம் இப்படி ஆயிற்று என்று எந்த வாயால் சொல்வது? பல்லாவரம் தாண்டும்போது இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஹெல்மெட்டோடு அவர் பட்டறைக்குள் நுழைந்ததும் மதியழகன், "அண்ணா, ராக்கெட் எப்போ கிளம்புது?" என்று கேட்டான். அவனுக்குத் தாடி இல்லாததால் முகத்தோடு ஒட்டுகிற நல்ல மாஸ்க்காக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஒரு சுபுஹில் அவர் நீளமான வசனம் ஒன்றை அறுபடாமல் ஓதி முடித்தார். ஜஹீரா அடுப்படியில் நின்று அழுதுவிட்டாள்.

தன் பங்குக்கு அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். காற்றடிக்கிற நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவாள். மாவு ஆட்டுகிறேன், தலை வலிக்கிறது என்று தினம் ஒரு காரணம். ஆனால் அவரோ அவள் பார்த்து 'சரி' என்று சொல்லாமல் ஒரு படிகூட ஏற மாட்டார்.

அன்றைக்கும் கீழேயிருந்து குரல் வந்தது. "ஜஹீரா. முதுகைப் பாரு."

அவள் போகவில்லை.

"ஜஹீரா." கொஞ்சம் கழித்து, "நான் இன்னா தப்பு பண்ணேன்? கடைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து நீ வந்து நிக்கவே மாட்டேன்ற."

குரலில் கோபமில்லை. அதுதான் அவளை எழுப்பியது. போய் மேல்படியில் நின்றாள். அவர் கம்ப்ரெஸர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் மாவாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை வெச்சுடுங்க மச்சான். தூசியோடவே மேல வாங்க."

"நீ போட்ட சட்டம்தானே?"

"நான் போட்டதுதான். நானே எடுத்துட்டேன்."

அவர் நகரவில்லை. அவளே இறங்கிப் போனாள். "எனக்கும் மூச்சு முட்டுது. ரொம்ப வருஷமா முட்டுது. அந்தத் தொப்பியை மாட்டினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க அடிக்கிற தூசி மேலதான் வருது. நான் அங்கேயே நின்னுகினு, இன்னும் அடிங்க, இன்னும் அடிங்கன்னு சொல்லிக்கினு இருந்திருக்கேன்."

அத்தாவுல்லா படிக்கட்டை அடியிலிருந்து மேலே வரைக்கும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஏறிப் போய் சமையலறை ஜன்னலின் கொசுவலையைக் கழற்றினார். அதைத் துடைக்கிறபோதெல்லாம் ரோட்டுப் புழுதி என்றுதான் ஜஹீரா சலித்துக்கொள்வாள். அவர் விரலால் ஒரு கோடு இழுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கடைலயே ஏன் சொல்லல?"

"சொன்னா பட்டறையை மூடிடுவீங்க."

"மூடிடுவேன்தான்."

"மூட வேணாம். உங்களுக்கு வழி தேடின மாதிரி இதுக்கும் ஒரு வழி தேடுங்க. அறுக்குற எடத்துலயே தூசியை இழுத்துக்கிற மெஷின் இருக்குதாம், பில் போடுறப்போ கடைக்காரரு சொன்னாரு. படிக்கு ஒரு கதவு போடுங்க. உங்க கையால ஊருக்கெல்லாம் கதவு போடுறீங்க."

அவர் வலையைக் கீழே வைத்தார். "அந்தத் தொப்பி போட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். இத்தனை நாள் சொன்னது போதும் என்று பட்டது. "இந்த வூட்டுக்கு வந்த புதுசுல விட்ட மூச்சு மாதிரி இருந்துச்சு மச்சான்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு இருமல் வந்தது. விழுங்கவில்லை, தாளிப்பின் மேல் பழி போடவில்லை, பின்னறைக்கு ஓடவுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து இருமினாள். அத்தாவுல்லா திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். எங்கே தொட்டால் தூசி ஒட்டிவிடுமோ என்று கையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றார்.