மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றி ஒரு கம்பி

பிரியாணிக் கடை வரிசையில் நின்றபோதுதான் கோதண்டபாணிக்கு அது உறைத்தது. முன்னால் நின்ற பக்கத்து நிலத்துக்காரன் சாமிநாதன் போனை வைத்துவிட்டுத் திரும்பி, "மாமா, லைன் சரி பண்ணிட்டாங்களாம். இன்னும் கொஞ்ச நேரத்துல மூணு முனை கரண்ட் வந்துடும்" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

கோதண்டபாணியின் கை இடுப்புக்குப் போனது. மோட்டார் கொட்டகைச் சாவி அங்கேயே இருந்தது. ஐயோ, கம்பியைக் கழற்றாமல் வந்துவிட்டார்!

மல்லாட்டைச் செடியில் நிலக்கடலை காய் பிடித்த நாளிலிருந்து மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, கொல்லையையே உழுதுபோட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவரும் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்தார். பொழுது சாய்ந்ததும் கொட்டகையிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுப்பார், விடிந்ததும் முதல் வேலையாகக் கழற்றிவிடுவார். அவர் பெண்டாட்டி விஜயகுமாரிக்கு இது தெரியாது. போன வருஷம் ஊரில் ஒரு சினைமாடு இப்படிப்பட்ட கம்பியில் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பாவம் மட்டும் நமக்கு வேணாம்" என்றாள். பெரிய மனுஷன் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். பிறகு இழுத்தது வெறும் வேலிக்கம்பி என்று அவளை நம்பவும் வைத்தார்.

இன்று விடியும்போதே கரண்ட் இல்லை. கரண்ட் இருந்தால்தானே கழற்றுகிற ஞாபகம் வரும்! போதாததற்குப் பேரப்பிள்ளைகள் இரண்டும் எழுந்ததும் பிரியாணி, பிரியாணி என்று கழுத்தைக் கட்டிக்கொண்டன. மகள் மோகனாவும் மருமகனும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். லீவு விட்டதும் பரணியையும் குட்டி தன்ஷிகாவையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

விஜயகுமாரிக்குப் போன் போட்டார்.

"புள்ளைங்க எங்க?"

"மல்லாட்டைக் கொல்லையில மாங்கா பொறுக்குதுங்க. இன்னாங்க, பார்சல் வாங்கிட்டீங்களா?"

மாமரம் கம்பிக்கு உள்ளே, கொல்லையின் நடுவில் இருந்தது. இந்த நேரத்திலும், சொன்னால் இவள் என்ன சொல்வாளோ என்று ஒரு மூச்சு யோசித்தார். அந்த ஒரு மூச்சுக்கே அவரை அடிக்கலாம்.

"விஜயா, அந்தக் கம்பியில கரண்ட் குடுத்து வெச்சிருக்கேன். இப்போ கரண்ட் வரப்போவுது. புள்ளைங்கள மரத்தாண்டயே நிக்கச் சொல்லு. கடப்பாரையால கொட்டாய் பூட்ட ஒடைச்சு மெயினை எறக்கு. ஓடு!"

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

முன்பே கட்டிவைத்திருந்த பார்சல் ஒன்றைக் கடைக்காரர் அவர் கையில் திணித்தார். வாங்கியது கூடத் தெரியாமல் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லையைத் தொட்டபோது சாமிநாதனின் மோட்டார் உறுமியது. அடுத்த நிலத்திலும் உறுமியது. குழாய்களில் தண்ணீர் கொட்டியது, யாரோ மகிழ்ச்சியில் சீட்டியடித்தார்கள். கரண்ட் வந்துவிட்டது. "கடவுளே, கடவுளே" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஓட்டினார்.

விஜயகுமாரி கொட்டகைக் கதவில் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஆயா சொன்னபடி மரத்தடியிலேயே நின்றன. உயிரோடு நின்றன. அவர் வண்டியைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஓடினார். பாவி மனுஷன், அந்தப் பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"டேய், தாத்தா பிரியாணி வாங்கினு வந்துட்டாரு!" என்று கத்தினாள் தன்ஷிகா.

பரணி கிளம்பினான். தன்ஷிகா அவனை முந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"வராதீங்க! நில்லுங்க!" என்று அலறினார். அதுகள் சிரித்தன. தினமும் அவர் "நில்லு, பிடிக்கிறேன்" என்று துரத்துவதும் அதுகள் ஓடுவதும்தான் விளையாட்டு. ஒரு நாளும் அதட்டியறியாத தாத்தாவின் அலறலை யார் நம்புவார்கள்?

குனிந்து மண்கட்டியை எடுத்து எறிந்தார். பரணி திகைத்து நின்றான். சின்னவள் நிற்கவில்லை. இன்னொன்றை எடுத்து, குறி பார்த்து, பலங்கொண்ட மட்டும் அவள்மேலேயே வீசினார். நெற்றியில் பட்டது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எட்டிக் கை நீட்டினால் கம்பி.

"எறக்கிட்டேன்!" என்று கொட்டகைக்குள்ளிருந்து விஜயகுமாரி கத்தினாள்.

அவர் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். விஜயகுமாரி அவரைத் தாண்டிப் போய்ப் பிள்ளைகளை வாரிக்கொண்டாள். பிரியாணியை யாரும் தொடவில்லை. தன்ஷிகா பொழுதுக்கும் அவர் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து மோகனா போன் செய்தாள். "தாத்தா என்னைக் கல்லால அடிச்சாரும்மா" என்றாள் தன்ஷிகா. மோகனா சிரித்துவிட்டு, போனைத் தாத்தாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"இன்னாப்பா, என் பொண்ணு மேலயே கை வெச்சிட்டியா? அவ்ளோ பேஜார் பண்ணாளா?"

ஆமாம் என்றால் முடிந்துபோகும். விஜயகுமாரி வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. பன்னிக்குன்னு கொல்லையச் சுத்திக் கரண்ட் வெச்சிருந்தேன். புள்ளைங்க உள்ள இருந்துச்சுங்க."

மோகனா, அவருக்குப் பழக்கமில்லாத குரலில், "இப்பவே வர்றேன், ரெண்டு பேரையும் ரெடி பண்ணி வெய்ங்க" என்றாள்.

இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"வாம்மா" என்றார். எழுந்து போய்க் கொடியில் கிடந்த சின்னச் சின்னத் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.